தாமசின் தட்டிய பதினான்கு கதவுகள்

வெய்ன்போர்டில் குளக்கரை நாற்காலியைச் செப்பனிடத் தொடங்கிய காலையில், தாமசின் பாஸ்க் ஆற்றில் முழங்கால் நீரில் நின்று விடுதியின் படுக்கை விரிப்புகளை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள். சுத்தியல் ஓசை குளத்தின் பக்கமிருந்தும், துவைப்பு மட்டையின் ஓசை ஆற்றின் பக்கமிருந்தும் வந்தன. என் வீடு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சுத்தியல் ஒரு முறை நின்றபோது மட்டையும் நின்றது. அவளும் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள் என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

அந்த நாற்காலியில் பத்தொன்பது ஆண்டுகளாக எவரும் உட்காரவில்லை. ஓயாது சண்டையிட்டு ஊரின் அமைதியைக் குலைப்பவள் என்று ஊர்மன்றத்தின் பன்னிருவர் தீர்த்துச் சொல்லும் பெண்ணை அதில் உட்காரவைத்துக் கட்டி, நீண்ட உத்தரத்தின் கரைப்பக்க முனையை உயர்த்தி, மூன்று முறை குளத்துள் அமிழ்த்துவது எங்கள் ஊர் வழக்கம். கடைசியாக அமிழ்த்தப்பட்டவள் ஜோன் லக்கெட். அதுவும் மன்றம் கூடும் அக்டோபர் மாதந்தான். பன்னிரண்டாம் நாள் நெஞ்சுச் சளியால் அவள் இறந்தாள். அதன் பிறகு நாற்காலி மழையில் நனைந்து உளுத்துப்போயிற்று. சென்ற ஆண்டுக் கோடையில் ஊர்களைப் பார்வையிட வந்த அரசரின் நீதிபதிகள், நாற்காலியைப் பழுதில்லாமல் வைத்திருப்பது ஊரின் கடமை என்று கடிந்து எழுதிவிட்டுப் போனார்கள். ஆகவே புதிய கருவாலி மரத்தில் இருக்கை செய்தார்கள். புதிய வார்களும் பொருத்தினார்கள். அந்த வார்களை வெட்டித் தைத்தவர் என் கணவர் ஜெரோம் ஹாப்டே. அவர் சேணம் தைப்பவர். வேலை வந்தது, செய்தார். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

தாமசினுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. மலைப்பக்கத்து ஆட்டுப்பட்டி ஒன்றில் பிறந்து, பதினொன்றாம் வயதில் விடுதியின் சமையலறைக்கு வேலைக்கு வந்து, இருபத்து மூன்றில் கூரை வேய்பவனான பாஸ்கை மணந்து, முப்பத்தொன்றில் அவனைப் பறிகொடுத்தவள். பிள்ளைகள் இல்லை. அன்று முதல் மெல் என்ற அந்த ஆற்றின் துறைதான் அவளுடைய பிழைப்பு. விடுதியின் விரிப்புகளும் கோயிலின் வெள்ளை அங்கிகளும் பாதி ஊரின் உள்ளாடைகளும் அவள் கையில்தான் வெளுத்தன. ஆற்றிரைச்சலுக்கும் மட்டையடிக்கும் மேலாகப் பேசிப் பழகியதால், அவள் வழக்கமாகப் பேசினாலே மூன்று தெருவுக்குக் கேட்கும். கோபம் வந்தால் எத்தனை தெருவுக்குக் கேட்கும் என்பதை யாரும் அளந்ததில்லை.

துறைக்கு மேலே, ஆற்றின் வளைவில், ஆம்புரோஸ் வெல்டனின் தோல் பதனிடும் கூடம் இருந்தது. தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழிகளைச் சனிக்கிழமை மாலையில் மட்டுமே ஆற்றில் திறந்துவிடலாம், திங்கட்கிழமைத் துவைப்புக்குள் நீர் தெளிந்துவிட வேண்டும் என்பது பழைய ஊர்க்கட்டுப்பாடு. வெல்டனுக்குத் தொழில் பெருகியபின் அந்தக் கட்டுப்பாடு இடைஞ்சலாயிற்று. செப்டம்பர் முதல் வாரத்துத் திங்கட்கிழமை, கோயில் அங்கிகள் நீரில் கிடந்தபோது, மஞ்சள் கலந்த பழுப்பாக ஆறு இறங்கி வந்தது.

தாமசின் ஈரப் பாவாடையோடு நேரே தோல்கூடத்துக்கு நடந்தாள். அன்று சந்தை நாள்.

"வெல்டன்! வெளிய வாய்யா! கடவுள் சன்னிதியில போடற துணியில உன் மாட்டுத்தோல் சாக்கடையை விட்டிருக்கியே, உனக்கு மூக்குத்தான் செத்துப்போச்சுன்னு நெனச்சேன், மனசுமா செத்துப்போச்சு?"

"வாயை அளந்து பேசு, கிழவி!"

"அளந்து பேசறதுக்கு நான் என்ன உன் கடைத் தோலா? இழுத்தா நீளறதுக்கு?"

வெல்டனும் சளைத்தவனல்லன். அவள் கத்தியது போலவே அவனும் கத்தினான். அவன் சொன்ன சில சொற்களை நான் எழுதப்போவதில்லை. சந்தை முழுவதும் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டது. முக்கால் மணி நேரம் சென்றபின் அவன் சந்தைச் சதுக்கத்தின் நடுவே வந்து, கையை உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி அந்தச் சொல்லைச் சொன்னான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! இவ ஒரு ஸ்கோல்ட்! மிக்கேல் திருநாள் முடிஞ்சதும் பன்னிரண்டு பேர் முன்னாடி நிறுத்தறேன். நாற்காலி புதுசாத்தான் வருது. இவ உக்காந்து பாக்கட்டும்!"

ஸ்கோல்ட் என்றால் சண்டைக்காரி. வீட்டில் கணவன் மனைவியையும் தெருவில் பெண்ணொருத்தி இன்னொருத்தியையும் அப்படித் திட்டுவது எங்கள் பக்கத்தில் அன்றாடம் நடப்பது. ஆனால் செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல் திருநாளுக்குப் பின் ஊர்மன்றம் கூடுவதற்கு நான்கு வாரம் இருக்கையில் அதைச் சொன்னால், அது திட்டாக நின்றுவிடுவதில்லை, குற்றச்சாட்டாகிவிடுகிறது. மன்றத்தில் அதற்கு முன் ‘பொது’ என்ற அடைமொழியைச் சேர்ப்பார்கள். ஊர் முழுவதற்கும் சண்டைக்காரி, ஊர்ச்சண்டைக்காரி. அந்தப் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டால் நாற்காலிக்குத் தப்ப வழியில்லை.

அன்று மாலை தாமசின் என் சமையலறையில் உட்கார்ந்து, நான் வைத்த பட்டாணிக் கஞ்சியைத் தொடாமலே இருமிக்கொண்டிருந்தாள். முந்தைய குளிர்காலத்திலிருந்தே அவளுக்கு அந்த இருமல்.

"நாற்காலியை நான் பாத்தேன் ஹாப்டே அம்மா. வார் எல்லாம் புதுசு."

நான் அடுப்பைப் பார்த்தேன்.

"உங்க வீட்டுக்காரர் கைவேலைதானே? தையல் நல்லா இருக்கு. அறுந்துடும்னு பயப்பட வேண்டாம்" என்று சொல்லிச் சிரிக்க முயன்றாள், இருமல் வந்துவிட்டது. "ஜோன் லக்கெட்டுக்கு அப்போ நாப்பது வயசு. கல்லு மாதிரி இருப்பா."

அந்த வாரமே மன்றத்தின் பன்னிருவர் பெயர்களை அறிவித்தார்கள். அவர்களுள் ஒருவர் என் கணவர். தம் கூட்டத்தில் பேசுவதை வெளியே சொல்வதில்லை என்று அவர்கள் மறைநூலின்மேல் கைவைத்து உறுதிமொழி சொல்ல வேண்டும். ஜெரோம் சொன்னார். சொன்ன நாள் முதல் வீட்டில் வானிலையைப் பற்றியும் ரொட்டியைப் பற்றியும் மட்டுமே பேசினார்.

தாமசின் எங்கள் உதவிப் பாதிரியார் ஃபென்விக்கிடம் போனாள். தனியாகப் போக அஞ்சி என்னையும் அழைத்துப் போனாள். அவர் வடகோடிக் கடற்கரையிலிருந்து வந்த இளைஞர்; நூல்களில் மூழ்கியவர். யார் எதைக் கேட்டாலும் முதலில் அதன் வரலாற்றைச் சொல்லிவிட்டுத்தான் விடை சொல்வார்.

"அந்த வார்த்தையைக் கேட்டு ஏம்மா இவ்வளவு பயப்படறீங்க? அது ஒரு காலத்துல கௌரவமான வார்த்தையா இருந்திருக்கலாம்" என்றார். "கடல் கடந்து வந்து எங்க பக்கத்துல குடியேறினவங்க, பாட்டுக் கட்டறவனை ஸ்கால்டுன்னு சொல்வாங்களாம். ராஜா சபையில நின்னு எதிரியைப் பத்தி வசைப்பாட்டுப் பாடுவானாம். அதுலேர்ந்துதான் இது வந்திருக்கும்னு படிச்சவங்க சில பேர் சொல்றாங்க. நிச்சயமாத் தெரியாது."

"வசைப்பாட்டா? திட்டறதுக்கா ராஜா ஆள் வச்சிருந்தாரு?"

"ஆமா."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பெரும்பாலும் ஆம்பளைங்கதான்."

"நல்லாத் திட்டினா என்ன குடுப்பாங்க?"

"தங்க வளையம் குடுப்பாங்கன்னு கேள்வி."

தாமசின் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "பாத்தீங்களா? அவனுக்குத் தங்க வளையம். எனக்குக் கருவாலி நாற்காலி."

பாதிரியார் தம்மையறியாமல் சிரித்துவிட்டுப் பின்னர் வருந்தினார். ஊர்மன்றத்தின் பழைய சுருள்களையும் தாம் புரட்டிப் பார்த்ததாகச் சொன்னார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஆண்களையும் அந்தப் பெயரில் நிறுத்தியிருக்கிறார்களாம். பின்னர் ஆண்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக மறைந்து, பெண்களின் பெயர்கள் மட்டும் நின்றுவிட்டன. இப்போது பதிவேட்டில் எழுதும் லத்தீன் சொல்லே பெண்பாலில் மட்டுந்தான் வரும். வெல்டன் அன்று சந்தையில் அவளுக்குச் சமமாகக் கத்தினான். ஆனால் அவன்மேல் ஒட்டக்கூடிய சொல் எதுவும் மன்றத்தில் இல்லை.

"இதெல்லாம் தெரிஞ்சு நான் என்ன செய்யறது ஐயா? குளத்துத் தண்ணிக்கு லத்தீன் தெரியுமா?"

அதன் பிறகுதான் அவர் அந்த அறிவுரையைச் சொன்னார். மிக்கேல் திருநாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நற்கருணை, எல்லோரும் மண்டியிட்டு ஒரே ரொட்டியையும் ஒரே கிண்ணத்து மதுவையும் பகிர்ந்துகொள்ளும் பந்தி. அண்டை அயலாரோடு பகை வைத்திருப்பவர் யாரும் அந்தப் பந்திக்கு வரக்கூடாது என்பது திருச்சபையின் விதி. "அதுக்குள்ள நீங்க யார் யாரையெல்லாம் திட்டியிருக்கீங்களோ, அவங்க வீட்டுக்கெல்லாம் போய் மன்னிப்புக் கேட்டுடுங்க. மனசு சுத்தமாகட்டும். மத்ததைக் கடவுள் பாத்துக்குவார்."

அது நல்ல அறிவுரை என்றே நானும் எண்ணினேன். வீட்டுக்கு வரும் வழியில் இருவருமாக விரல்விட்டு எண்ணினோம். வெல்டனையும் சேர்த்துப் பதினான்கு வீடுகள்.

"இவ்வளவுதானா?" என்றாள் தாமசின். அவளுக்கே வியப்பாக இருந்தது. "இன்னும் அதிகம்னு நெனச்சேன். கொஞ்சம் பேர் செத்துட்டாங்க போல."

வியாழக்கிழமை காலையில் புறப்பட்டோம். அவள் தலையில் சலவை செய்த வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். முதல் கதவு மெழுகுவர்த்தி செய்யும் சிசிலி ஆர்டனுடையது.

"சிசிலி, ஆறு வருஷத்துக்கு முன்னாடி உன் மெழுகுவர்த்தி வெளிச்சத்தைவிடப் புகையைத்தான் அதிகமாக் குடுக்குதுன்னு தெருவுல நின்னு சொன்னேன். மன்னிச்சுடு."

"அதை இப்போ எதுக்கு ஞாபகப்படுத்தறே? நானே மறந்துட்டேன்."

"மறந்தா போதாது. மன்னிக்கணுமாம்."

"சரி, மன்னிச்சாச்சு. ஆனா ஒண்ணு கேக்கறேன். இப்பவும் புகையுதா?"

தாமசின் நெடுநேரம் தன்னோடு போராடினாள். "கொஞ்சம்" என்றாள். சிசிலி சிரித்து அவளை உள்ளே அழைத்து ஒரு கிண்ணம் மதுக்கூழ் கொடுத்தாள்.

ரொட்டி சுடும் ஹம்ஃப்ரி கோட்ஸின் கதவில் வேறு விதமாக நடந்தது.

"கோட்ஸ் ஐயா, உங்க ரொட்டியில மாவைவிட மரத்தூள்தான் அதிகம்னு எட்டு வருஷத்துக்கு முன்னாடி நான் சொன்னதுக்கு மன்னிக்கணும்."

கோட்ஸ் கையிலிருந்த மாவைத் துடைப்பதை நிறுத்தினார். "நீயா? அதைச் சொன்னது நீயா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எவன் சொன்னான்னு எட்டு வருஷமாத் தேடிக்கிட்டிருக்கேன்! என் மச்சான்தான்னு நெனச்சு அவன்கூடப் பேச்சே விட்டுட்டேனே!"

நான் தாமசினின் முழங்கையைக் கிள்ளினேன். பயனில்லை, அவளுக்குப் பொய் வராது. கோட்ஸ் முகம் சிவந்து உள்ளே போய்த் திரும்பி வந்து, "சரி, நற்கருணை வருது, மன்னிக்கறேன். ஆனா என் மச்சானுக்கு நீயே போய்ச் சொல்லு" என்றார். அதையும் செய்தாள்.

இப்படியே பதின்மூன்று கதவுகள். சிலர் அழுதார்கள். சிலர் பழைய சண்டையை மீண்டும் ஒரு முறை முழுவதுமாகப் பேசி முடித்த பிறகே மன்னித்தார்கள். குதிரை லாயக்காரன் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே தலையசைத்தான். பதினான்காவது கதவு வெல்டனுடையது. அவன் கதவைப் பாதி திறந்து, அவள் பேசி முடிக்கும் வரை கேட்டான்.

"எல்லார் வீட்டுக்கும் போயிட்டு வந்தியாமே?" என்றான். அவன் குரல் அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. "நல்லது. ரொம்ப நல்லது." கதவை மெல்லச் சாத்திக்கொண்டான்.

பிற்பகலில் நான் பட்டறைக்குள் போனபோது ஜெரோம் குதிரைக் கழுத்துப்பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். தாமசின் மன்னிப்புக் கேட்ட கதையைச் சிரிப்பாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் சிரிக்கவில்லை.

"எத்தனை வீடு?"

"வெல்டன் வீட்டோட சேர்த்துப் பதினாலு."

ஊசியைக் கீழே வைத்தார். "யாரு அவளைப் போகச் சொன்னது?"

"பாதிரியார்தாங்க. நானும் கூடப் போனேன்."

"நீயுமா கூடப் போனே?"

"ஏன், என்ன தப்பு? என்னன்னு சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்." எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். "எந்த ஊருக்கும் பொதுவா ஒரு விஷயம் சொல்றேன், கேட்டுக்கோ. ஒரு பொம்பளை ஒருத்தன்கூட மட்டும் சண்டை போட்டா, அது ரெண்டு பேருக்குள்ள நடந்த சண்டை. அதுக்கு நாற்காலி கிடையாது. ஊரோட எல்லாம் சண்டை போட்டான்னு நிரூபிச்சாத்தான் அவ ஊர்ச்சண்டைக்காரி."

"அதை வெல்டன்தானே நிரூபிக்கணும்? அவனுக்கு யாரு சாட்சி சொல்வாங்க?"

"நேத்து வரைக்கும் ஒருத்தரும் இல்லை." என்னைப் பார்க்காமலே ஊசியில் நூல் கோத்தார். நூல் மூன்று முறை தவறியது. "இன்னிக்கு அவளே வீடு வீடாப் போய்ப் பதினாலு பேரைச் சேர்த்துக் குடுத்துட்டு வந்திருக்கா."

நான் தோல் குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டேன். வெல்டன் ஏன் அவ்வளவு மெல்லக் கதவைச் சாத்தினான் என்பது அப்போதுதான் விளங்கிற்று. மறந்துபோன சண்டைகளை எல்லாம் அவள் வாயாலேயே உயிர்ப்பித்துவிட்டோம். அவற்றை விரல்விட்டு எண்ணியவள் நான்.

தாமசினிடம் சொல்லவும் வழியில்லை. சொன்னால் என் கணவர் உறுதிமொழியைக் கடந்தவர் ஆவார். வெள்ளிக்கிழமை அவள் என் வீட்டு வாசலில் துணிக்கூடையை இறக்கிவைத்து, "ராத்திரி நல்லாத் தூங்கினேன் ஹாப்டே அம்மா. மனசு பஞ்சு மாதிரி இருக்கு" என்றாள். நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இடமில்லாத கூட்டம். பகை உள்ளவர்கள் பந்திக்கு வர வேண்டாம் என்று பாதிரியார் வழக்கம்போல் எச்சரித்தார். பதின்மூன்று வீட்டாரும் முன்னே போய் மண்டியிட்டார்கள். தாமசின் சிசிலிக்கும் கோட்ஸுக்கும் நடுவில் மண்டியிட்டிருந்தாள். வெல்டன் பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், எழுந்து வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, சந்தைக் கட்டடத்தின் மாடியில் மன்றம் கூடியது. ஊரின் உரிமையாளரான பிரபுவின் காரியஸ்தர் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். பன்னிருவரும் இரண்டு பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். என் கணவர் தம் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சன்னலின் வழியே குளம் தெரிந்தது. அன்று குளத்தின் ஓரங்களில் மெல்லிய பனிப்படலம் இருந்தது.

வேலி, பன்றி, வாய்க்கால் என்று பத்துப் பன்னிரண்டு வழக்குகள் நடந்தன. அதன்பின் தாமசினின் பெயரை அழைத்தார்கள். வெல்டன் எழுந்து, சந்தை நாளில் நடந்ததை இரண்டு வரியில் சொல்லி முடித்தான்.

"என் கதையை விடுங்க ஐயா. நான் ஒருத்தன்தான். இவ சண்டை போடாத ஆள் இந்த ஊர்ல உண்டான்னு இவகிட்டேயே கேளுங்க. போன வியாழக்கிழமை பதினாலு வீட்டுக்குப் போய் இவளே ஒத்துக்கிட்டிருக்கா."

"உண்மையா?" என்றார் காரியஸ்தர்.

"உண்மைதான் ஐயா" என்றாள் தாமசின். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவள் என்னைத் தேடினாள். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். அதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

முதலில் எழுந்தவன் லாயக்காரன். தன்னைக் கழுதைக்குப் பிறந்தவன் என்று அவள் திட்டியதாகச் சொல்லி, அதனால் தன் அமைதி கெட்டது என்று முறையிட்டான். எழுத்தர் எழுதினார். அடுத்துக் கோட்ஸை எழுப்பினார்கள். மரத்தூள் கதையை அவர் சொன்னபோது மாடி முழுவதும் சிரித்தது. காரியஸ்தர் மேசையைத் தட்டினார்.

"சிரிக்கற விஷயமில்லை. கோட்ஸ், இதனால உமக்கு இடைஞ்சல் உண்டா? இவ மேல முறையிடறீரா?"

கோட்ஸ் வாயைத் திறந்தார். வெல்டனைப் பார்த்தார். பிறகு, கதவோரம் நின்றிருந்த உதவிப் பாதிரியார்மேல் அவர் கண் பட்டது. வாயை மூடிக்கொண்டார்.

"என்ன ஐயா, பதில் சொல்லும்."

"இடைஞ்சல் இருந்துது ஐயா… ஆனா… ஞாயித்துக்கிழமை இவளுக்குப் பக்கத்துல மண்டி போட்டு அந்த ரொட்டியைச் சாப்பிட்டேன்." கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்போ முறையிட்டா, மனசுல பகையை வச்சுக்கிட்டுச் சாப்பிட்டேன்னு ஆயிடும். அதுக்கு எந்த மன்றத்துல நான் நிக்கறது?"

"முறையிடறீரா, இல்லையா?"

"இல்லை ஐயா. மன்னிச்சுட்டேன். சாப்பிட்டும் ஆச்சு."

சிசிலியை அழைக்கும் முன்பே அவள் எழுந்துவிட்டாள். "நாங்களும் ஒரே கிண்ணத்துல குடிச்சோம் ஐயா. என் மெழுகுவர்த்தி கொஞ்சம் புகையத்தான் செய்யுது." மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சிலர் உள்ளூர நாற்காலி நனைவதைப் பார்க்க விரும்பியவர்களே. ஆனால், பகையோடு பந்திக்கு வந்தவர் என்ற பெயரைச் சுமக்க எவருக்கும் துணிவில்லை. அவர்களும் ஒருவர் பின் ஒருவராக ‘முறையீடு இல்லை’ என்றார்கள்; லாயக்காரன் நீங்கலாக, கோட்ஸையும் சிசிலியையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர்.

வெல்டன் கத்தினான். "அவளே ஒத்துக்கிட்டா! அது போதாதா?"

பன்னிருவர் பின்னறைக்குப் போனார்கள். அவர்கள் திரும்புவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரமும் தாமசின் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரச் சொன்னபோதும் உட்காரவில்லை. இருமல் வந்தபோதெல்லாம் வாயைத் துணியால் அழுத்திக்கொண்டாள்.

தீர்ப்பு இதுதான்: முறையிட்டோர் இருவர் மட்டுமே, ஆகவே அவளை ஊர்ச்சண்டைக்காரி என்று பதிவு செய்வதற்கில்லை. ஆனால் அவள் தானே ஒப்புக்கொண்டதை மன்றம் மறக்கவும் இயலாது. அடுத்த மிக்கேல் திருநாள் வரை அவளுடைய நன்னடத்தைக்கு இரண்டு குடும்பத்தலைவர்கள் பிணை நிற்க வேண்டும். அதற்குள் பொதுவிடத்தில் ஒரு முறை குரலை உயர்த்தினாலும், மறுவிசாரணை இன்றி அவளை நாற்காலியில் அமர்த்தலாம்.

"யார் பிணை?" என்று கேட்டார் காரியஸ்தர்.

கோட்ஸ் முனகிக்கொண்டே கையைத் தூக்கினார். பெஞ்சில் என் கணவர் தம் காலணியிலிருந்து பார்வையை எடுத்து, "நான்" என்றார்.

அன்று தாமசின் தப்பினாள். எங்கள் அச்சம் மட்டும் ஓராண்டுக்கு நீண்டது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நான் ஆற்றைக் கேட்டுக்கொண்டே வேலை செய்தேன். மட்டையின் ஓசை மட்டும் வரும். அவள் குரல் வராது. குரல் வரவில்லையே என்று நிம்மதியும், குரல் வரவில்லையே என்று கலக்கமும் ஒன்றாக இருந்தன. கடைவீதியில் அவளிடம் விலை கேட்டால் தலையசைப்பாள். பிள்ளைகள் வேண்டுமென்றே அவள் முதுகில் மண்ணாங்கட்டி எறிந்து, "கத்து பாட்டி, ஒரு தடவை கத்து!" என்பார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நடப்பாள்.

வெல்டனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? சனிக்கிழமை என்ற கட்டுப்பாட்டை முற்றிலும் மறந்தான். விரிப்புகள் மஞ்சளாக வந்தன. விடுதிக்காரர் அவளைக் கடிந்துகொண்டார். அவள் இரண்டாம் முறை துவைத்தாள். குளிரில் மூன்றாம் முறையும் துவைத்தாள். கட்டுப்பாட்டை நினைவூட்டி மன்றத்துக்கு எழுதலாமே என்று நான் ஜெரோமிடம் கேட்டேன். எழுதினார். அக்டோபரில் பார்ப்பதாக விடை வந்தது.

ஏப்ரலில் ஒரு திங்கட்கிழமை. நான் சன்னலோரம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மட்டையின் ஓசை சட்டென்று நின்றது. எட்டிப் பார்த்தேன். ஆறு பழுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. நடுவில் தாமசின் கோயில் அங்கியைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தபடி நின்றாள். அவள் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது இங்கிருந்தே தெரிந்தது. கரையில் மூன்று பேர் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் லாயக்காரன்.

நான் எப்படி எழுந்தேன் என்று எனக்கு நினைவில்லை. வெங்காயக் கத்தியை மேசையில் வைத்ததும், கரைவழியே ஓடியதும், துறையைக் கடக்கும்போது, "வாயை மூடு தாமசின், நான் போறேன்" என்றதும் நினைவிருக்கின்றன.

தோல்கூடத்தின் முற்றத்தில் தோல் பதனிடுவதற்கான மரப்பட்டையை அரைக்கும் கல்லைக் குதிரை சுற்றி இழுத்துக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் வெல்டன் முதுகைக் காட்டி நின்றான். நான் அவனருகே போய், என் வழக்கப்படி, மெல்லப் பேசினேன்.

"வெல்டன் ஐயா, குழியை மூடிடுங்க. இன்னிக்குத் திங்கட்கிழமை."

அவன் திரும்பிப் பார்த்துக் காதில் கைவைத்துக் காட்டினான். கேட்கவில்லை. மீண்டும் சொன்னேன். அவன் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். என் வாழ்நாளில் நான் யாரையும் நோக்கிக் குரலை உயர்த்தியதில்லை. அதைப் பெருமையாகவும் எண்ணியிருந்தேன்.

நான் கத்தினேன்.

என்ன சொன்னேன் என்பது முழுமையாக நினைவில்லை. ஊர்க்கட்டுப்பாடு, சனிக்கிழமை, வெட்கங்கெட்டவன் ஆகிய சொற்கள் அதில் இருந்தன. வேலையாட்கள் குதிரையை நிறுத்திவிட்டார்கள். கல்லின் இரைச்சல் நின்ற பிறகும் நான் நிறுத்தவில்லை. வெல்டன் என்னை வெறித்துப் பார்த்தான்.

"ஹாப்டே அம்மா! நீங்களுமா?" என்றான். "அக்டோபர்ல உங்க பேரும் போகும், தெரியுமில்லே? பிணை நிக்கற வீட்டுலேர்ந்தே ஒரு ஸ்கோல்ட்!"

"போகட்டும். முதல்ல குழியை மூடு."

வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் மூடினான் என்று நினைக்கிறேன். நான் துறைக்குத் திரும்பி வந்தபோது தாமசின் ஈரக்கையால் என்னைப் பிடித்து, கரைக்கல்லில் உட்காரவைத்தாள். கரையில் நின்றவர்கள் போய்விட்டார்கள். எங்கே போய் என்ன சொல்வார்களோ என்று அவர்கள் போன பக்கமே பார்த்தேன்.

"கேட்டுதா?" என்றேன்.

"கேட்டுது" என்றாள் அவள், எனக்கு மட்டும் கேட்கும் குரலில். "தொண்டையில கத்தறீங்க. வயித்துலேர்ந்து கத்தணும். இல்லேன்னா நாளைக்குப் பேச்சே வராது."

மறுநாள் உண்மையாகவே எனக்குப் பேச்சு வரவில்லை. இப்போது ஆகஸ்ட் மாதம்; மிக்கேல் திருநாளுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. சென்ற ஆண்டு இருந்தவர் என்பதால் ஜெரோம் இந்த ஆண்டு பன்னிருவருள் ஒருவராக இயலாது. வெல்டன் சந்தையில் யார் யாரோடு பேசுகிறான் என்று நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சென்ற வாரம் சிசிலியும் கோட்ஸின் மனைவியும் என் வீட்டுக்கு வந்து, திங்கட்கிழமைக் காலைகளில் யார் யார் தோல்கூடத்துக்குப் போய்க் கத்துவது என்று முறை போட்டுக்கொண்டு போனார்கள்.